என் முழங்காலைக் காரணம் காட்டாதே

பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் ஆட்களோடு பேசிக்கொண்டிருக்கிற மகனுக்கு, சாப்பாட்டு மேசையிலிருந்து உன் அம்மா எழுதுவது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பாய். வாயால் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே "சரிம்மா, சரிம்மா, நீ போய் ரெஸ்ட் எடு" என்று முடித்துவிடுவாய். காகிதத்தை அப்படி ரெஸ்ட் எடுக்க அனுப்ப முடியாது. முதலில் இதை உன் கையில் தருகிறேன். அப்புறம் நான் மாதாமாதம் வாங்கிப் படிக்கிற இதழுக்கு அனுப்புவேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே. வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவரலாமா என்று உன் அத்தைகள் கேட்பார்கள். இது நம் வீட்டில் மட்டும் நடக்கிற விஷயமாக இருந்தால் கொண்டுவந்திருக்க மாட்டேன். இந்த அம்பத்தூரில் ரயில் ஏறி வேலைக்குப் போகிற பெண் இருக்கிற வீடுகளில், பாதி வீட்டிலாவது என்னைப் போல ஒரு கிழவியைக் காட்டித்தான் அந்தப் பெண்ணை உட்கார வைக்கிறார்கள். அந்தக் கிழவிகளில் ஒருத்தியாவது எழுந்து, என்னைச் சொல்லாதே என்று சொல்ல வேண்டாமா?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கோமதி வந்து எதிரே நின்றாள். உன் பெண்டாட்டி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, எதையாவது கேட்க வேண்டுமென்றால் கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவாள். சங்கரன்கோயில் பக்கத்துப் பெண், குரல் அவளுக்கு முன்னால் நடக்கும். அன்றைக்கு நின்றுவிட்டுக் கேட்டாள்.

"அத்தே, முட்டிக்கு டாக்டர் எழுதிக் குடுத்தாருல்லா, அந்தச் சீட்டு எங்க இருக்கு?"

"எதுக்கும்மா?"

"அவங்க கேட்டாங்க. லெட்டர் கூட வச்சு அனுப்பணுமாம்."

"என் முட்டிய எந்த ஊருக்கும்மா அனுப்பறீங்க?"

சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் மடிக்கணினியை என் பக்கம் திருப்பியபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. மும்பை தலைமை அலுவலகத்தில் அவளுக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். நிதி நிறுவனங்களைச் சோதனை செய்கிற ஒரு பிரிவுக்கே தலைமை. வெள்ளிக்கிழமை வந்து என் காலில் விழுந்து சொன்னாள். அதை வேண்டாம் என்று சொல்லி ஒரு கடிதம் இரண்டே நாளில் தயாராகிவிட்டது என்பதுதான் எனக்குத் தெரியாது. நீ உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவள் தட்டியிருக்கிறாள். இங்கிலீஷில்தான் இருந்தது. என் இங்கிலீஷ், நீ ஆவடி குவார்ட்டர்ஸில் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது உன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் படித்த இங்கிலீஷ். மெதுவாக வரும், ஆனால் வரும். என் மாமியார் வயதானவர், முழங்கால் நோயாளி, என்னையே நம்பி இருப்பவர், அவரை விட்டு வர இயலாது என்று எழுதியிருந்தது.

"காலைல உனக்கு டிபன் கட்டித் தர்றது யாரும்மா?" என்று கேட்டேன்.

"நீங்கதான்."

"யாழினியை ஸ்கூல் வேனுக்குக் கொண்டுபோய் விடறது?"

"நீங்கதான் அத்தே."

"அப்ப யாரு யாரை நம்பி இருக்காங்கன்னு சரியா எழுது."

டாக்டர் சீட்டை நான் தரவில்லை. தரவும் மாட்டேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்கு நினைவிருக்கிறதா? 'தினமும் நடக்கவும்' என்றுதான் எழுதியிருக்கிறது.

நீ கெட்டவன் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கெட்டவனாக இருந்தால் இரண்டு திட்டோடு விஷயம் முடிந்திருக்கும். நீ பாத்திரம் தேய்க்கிறாய், குழந்தைக்குத் தலை பின்னி விடுகிறாய், பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அதில் அன்பு தெரிகிறது. உன் அப்பா தொழிற்சாலையிலிருந்து வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடத் தானாக எடுத்துக் குடித்ததில்லை. அவரோடு வைத்துப் பார்த்தால் நீ எவ்வளவோ தூரம் வந்திருக்கிறாய். ஆனால் வந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாய். அவள் இன்னும் நடக்கிறாள். அவள் உன்னைத் தாண்டிப் போகிற இடம் வந்ததும், நீ நேராகத் தடுக்காமல் என்னைத் தூக்கிக் குறுக்கே போடுகிறாய்.

உன் கம்பெனி உன்னை ஜெர்மனிக்கு அனுப்பியபோது நடந்ததை நினைத்துப் பார். அப்போது உன் அப்பா படுக்கையில். யாழினிக்குப் பல் முளைக்கிற ஜுரம். அதே சமயத்தில்தான் கோமதிக்கு டெல்லிக்குப் போகிற வாய்ப்பு வந்து, குழந்தையைக் காரணம் சொல்லி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். அவள் எழுதிக் கொடுத்ததற்கு இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, நான் உள்பட. உனக்கோ தேங்காய் உடைத்தோம், விமான நிலையத்துக்கு வேன் வைத்துப் போனோம், கரையான்சாவடி மாமா மாலையோடு வந்தார். 'அப்பா படுத்திருக்கிறாரே, எப்படிப் போவாய்?' என்று உன்னை யாராவது கேட்டார்களா? நீயாவது என் தந்தை என்னையே நம்பி இருக்கிறார் என்று ஒரு கடிதம் எழுதினாயா? ஆண் பிள்ளை போனால் முன்னேற்றம், பெண் போனால் வீடு என்னாவது. இந்த ஒரு கணக்கை மட்டும் என்னால் எந்தக் காலத்திலும் நேர் செய்ய முடியவில்லை.

அவள் வேலை என்னவென்று உனக்கு முழுதாகத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். ஏனென்றால் அவள் அதைச் சொல்வது அடுப்படியில், என்னிடம். அவள் சேர்ந்த புதிதில் பெண்களை வெளியூர்ச் சோதனைக்கு அனுப்பவே யோசிப்பார்களாம். லாட்ஜில் தங்க வேண்டும், நேரம் ஆகும், பாதுகாப்பு யார் என்று சொல்லி, வருகிற புகார்களைப் பிரிக்கிற மேசையில் உட்கார வைப்பார்களாம். எனக்கு அந்த மேசை வேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனவள் இவள். முதன்முதலாகத் தனியாகப் போன ஊரில் ஒரு நிதி நிறுவனத்து முதலாளி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஆபீசர் சார் எப்பம்மா வருவாரு?" என்று கேட்டிருக்கிறார். "வந்தாச்சு சார், டீ குடிச்சிட்டு இருக்காங்க" என்றாளாம். இன்றைக்கு அவளுக்குக் கீழே இருக்கிற சோதனைக் குழுவில் பெண்கள்தான் அதிகமாம். அந்தப் பிள்ளைகள் லாட்ஜுக்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லையாம், நல்ல லாட்ஜா என்று மட்டும் கேட்கிறார்களாம்.

இன்னொன்றும் சொன்னாள். அவளுக்குச் சீனியராக ஓர் அம்மா இருந்தார். நல்ல மூளைக்காரர். ஒவ்வொரு முறை வெளியூர்ப் பதவி வரும்போதும் மாமனார், மாமியார், பிள்ளையின் பரீட்சை என்று ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டு, தனக்குப் பின்னால் வந்த ஆண்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டே ஓய்வு பெற்றாராம். பிரிவு விழாவில் ஆளாளுக்கு எழுந்து, குடும்பத்துக்காக எவ்வளவு விட்டுக்கொடுத்தவர் என்று பேசிவிட்டு, ஒரு கிரைண்டரைப் பரிசாகக் கொடுத்தார்களாம். கோமதி இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "கிரைண்டர் அத்தே! டேபிள் டாப்பு!" என்றாள். அப்புறம் மாவை வழித்துக்கொண்டிருந்த என் கையையே பார்த்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அவள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பியபோது எனக்கு அந்தக் கிரைண்டர்தான் ஞாபகம் வந்தது.

இதெல்லாம் அவள் கதை. நான் இவ்வளவு கோபமாக எழுதுவதற்குக் காரணம், இதில் என் கதையும் இருக்கிறது.

நம் கள்ளிக்குப்பம் அம்மன் கோயிலில் ஆடி வெள்ளி விளக்கு பூஜை நடக்குமே, அது எனக்கு எப்படிப்பட்ட நாள் என்று உனக்குத் தெரியும். பெண்கள் எல்லாரும் வரிசையாகத் தங்கள் விளக்கோடு உட்காருவார்கள். சன்னதியிலிருந்து வரும் தீபத்தை வாங்கி ஒருத்தி முதல் விளக்கை ஏற்றுவாள். அதிலிருந்துதான் மற்ற விளக்குகள். அந்த முதல் விளக்கு எப்போதும் விழாக் குழுத் தலைவர் பலராமன் வீட்டு அம்மாவுக்குத்தான். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆடியில், உன் அப்பா இன்னும் இருந்தபோது, பலராமனே நம் வீட்டுக்கு வந்து, இந்தத் தடவை முதல் விளக்கு நீங்கள்தான் ஏற்ற வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கோயில் வாசலில் பூ விற்கிற தனம்தான் என்னை இழுத்து நிறுத்திக் கேட்டாள்.

"இன்னாம்மா, மொத வெளக்கு உனுக்காமே? ஆத்தா கூப்ட்டுச்சா, அண்ணாத்தே கூப்ட்டாரா?"

"அம்மன் மனசு வைக்காம யாரு கூப்பிட முடியும்?" என்றேன்.

"அத்த சொல்லு, அத்த சொல்லு" என்று சிரித்துவிட்டுப் பூவை அளந்தாள்.

விளக்கை ஏற்றினேன். என் விளக்கிலிருந்து தீபம் வரிசை வரிசையாகப் பின்னால் போனதைப் பார்த்தபோது என் கண் நிறைந்துவிட்டது. அதை இன்றைக்கும் நான் மறுக்கமாட்டேன். பூஜை முடிந்து எல்லாருக்கும் குங்குமம், வளையல், ரவிக்கைத் துணி போட்டு ஒரு பை கொடுத்தார்கள். என் பையில் மட்டும் பட்டுப் புடவையும் வெள்ளி விளக்கும் இருந்தன. கொண்டுவந்து பூஜை அறையில் வைத்து, பொட்டு வைத்து, கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது கோமதி ஆபீஸிலிருந்து வந்தாள்.

"இது யாரு குடுத்தது அத்தே?"

"அம்மன் குடுத்தது."

பையைத் திருப்பிப் பார்த்தாள். "அம்மனுக்கு எப்ப அத்தே நகைக்கடன் கம்பெனி வந்துச்சு?"

பையின் மேல் பலராமனின் நிதி நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருந்தது. நான் அதைப் பார்க்காமல் இல்லை. கோயிலுக்கு அவர்தான் எல்லாம் செய்கிறார், பையும் அவருடையது, அதில் என்ன என்று நினைத்தேன். அந்தக் கம்பெனி மேல் அவளுடைய ஆபீஸுக்குப் புகார்கள் வந்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? வீட்டில் அதைப் பற்றி அவள் மூச்சு விட்டதில்லை. புகார் இருக்கிறது, அதனால் நாம் எதுவும் வாங்கக் கூடாது, அதற்கு மேல் கேட்காதீர்கள் என்று மட்டும் அன்றைக்குச் சொன்னாள். எனக்கு ஆத்திரம் வந்தது. சன்னதியில் வைத்துக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது தெய்வக் குற்றம் என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. "குங்குமத்த வச்சுக்கோங்க அத்தே, பூவ வச்சுக்கோங்க, பொங்கலச் சாப்பிடுங்க. அதெல்லாம் அம்மன் குடுத்தது. வெள்ளியும் பட்டும் எனக்குக் குடுத்தது. உங்க கை வழியா" என்றாள்.

அப்போது நீ கூடத்தில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாய். திரும்பாமலே சொன்னாய்: "ஏன் கோமு, நாம இந்த ஏரியாவுல குடியிருக்க வேணாமா? உன் ஆபீஸை ஆபீஸ்லயே விட்டுட்டு வா." அவள் மடிக்கணினியைத் திறந்தாள். தன் மேலதிகாரிக்கு அன்றைக்கே நடந்ததை எழுதி, அந்தக் கம்பெனி சம்பந்தமான எதிலும் இனி நான் இருக்கக் கூடாது என்று தானே கேட்டு விலகிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க நான் சாமியோடு சண்டை போட்டேன். எனக்கு வந்த மரியாதை என்று நினைத்தேனே, அது என் பக்திக்கு வந்ததில்லை, என் மருமகளின் கையெழுத்துக்கு வந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் முகம் எரிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வெள்ளியையும் பட்டையும் என் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனேன். பூஜை முடிந்து எல்லாப் பெண்களும் உட்கார்ந்திருக்கும்போதே பலராமன் முன்னால் வைத்தேன்.

"குங்குமம் எனக்கு. இது உங்களுக்கு" என்றேன்.

"இன்னாம்மா இது, ஆத்தா சன்னதில வெச்சு குட்த்தத திருப்பிக்கினு வந்துகீற? தோஷம்மா. மருமவ சொல்லி அனுப்பிச்சா?"

"அவ சொன்னது எங்க வீட்ல. இங்க நான் சொல்றேன். தோஷம் இருந்தா என்னைச் சேரட்டும்."

 வெளியே வந்து செருப்பைத் தேடினேன்.  தனம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "வெள்ளிய வுட்டுட்டு வந்துகீறியே, பொழைக்கத் தெரியாத பொம்பள நீ" என்று சொல்லிக்கொண்டே ஒரு முழம் மல்லியை அறுத்து என் கையில் வைத்தாள். காசு வாங்கவில்லை. "வெச்சுக்க. இதுல கம்பெனி பேரு இல்ல" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உன் மருமவ ஆபீசு எங்க கீது?" என்று கேட்டாள். அவள் கம்மல் அந்தக் கம்பெனியில்தான் அடகில் இருந்ததாம். வட்டி கட்டப் போனவளிடம், கம்மல் ஏலத்தில் போய்விட்டது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஏலம் என்று ஒரு வார்த்தை முன்னால் சொல்லவில்லை. கோமதி தன்னால் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டாள். ஆனால் யாருக்குப் புகார் எழுத வேண்டும், எங்கே கொடுக்க வேண்டும் என்பது எல்லாரும் தெரிந்துகொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினாள். கம்மல் திரும்பி வரவில்லை, அதற்கு ஈடாகப் பணம் வந்தது. தனம் இப்போது வேறு கம்மல் போட்டிருக்கிறாள், சின்னது.

அந்த ஆடியிலிருந்து எனக்கு விளக்கு பூஜையில் இடம் எங்கே தெரியுமா? கடைசி வரிசை, செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கம். முன்னால் போய் உட்கார்ந்தால், "இது வேற ஆளுக்கு வெச்சிருக்கு" என்பார்கள். நீ பல தடவை, திருநின்றவூரில் கோயிலா இல்லை, அங்கே போயேன் என்று சொல்லியிருக்கிறாய். நான் போகமாட்டேன். அம்மன் கடைசி வரிசையிலிருந்தும் தெரிகிறாள். தீபம் என் விளக்குக்கு வந்து சேர நேரம் ஆகிறது, அவ்வளவுதான்.

இப்போது புரிகிறதா? கோமதியின் நாற்காலிக்கு அவள் மட்டும் விலை கொடுக்கவில்லை. நான் என் வாழ்க்கையில் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே மரியாதையைக் கொடுத்திருக்கிறேன். அந்த நாற்காலி ஒரு படி மேலே போகும்போது, என் முழங்காலைச் சொல்லி அதை வேண்டாம் என்று எழுத உனக்கு உரிமை இல்லை. என்னைக் கேட்காமல் என்னை நோயாளி ஆக்கவும் உரிமை இல்லை. இத்தனை வருஷம் இந்த வீட்டுக்கு வரவு செலவு எழுதுகிறவள் நான். வீட்டில் ஆகிற எல்லாச் செலவையும் ஒரே ஆளின் தலைப்பில் எழுதினால் அது கணக்கே இல்லை. யாழினியின் பள்ளிக்கூடம், வீட்டுக் கடன், ஊர் வாய், என் வயசு எல்லாவற்றையும் கோமதி தலைப்பில் எழுதியிருக்கிறாய். உன் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறாய், காட்டு பார்ப்போம்.

உனக்குப் போக மனம் இல்லையென்றால் அதை உன் வாயால் அவளிடம் சொல். 'பெண்டாட்டி பெரிய அதிகாரி, புருஷன் கள்ளிக்குப்பத்தில்' என்று நாலு பேர் பேசுவார்களே என்று பயமாக இருந்தால், பயமாக இருக்கிறது என்று சொல். அது தப்பில்லை. கேட்டுவிட்டு முடிவு செய்ய அவளுக்குத் தெரியும். நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து போகலாம், நீயும் யாழினியும் இங்கே இருக்க அவள் போய் வரலாம், எதுவானாலும் இந்த வீட்டில் அடுப்பு எரியும். என்னை மும்பைக்குக் கூப்பிட்டால் வந்து பார்ப்பேன், பிடித்தால் இருப்பேன். கூப்பிடாவிட்டால் இங்கே இருப்பேன். பால்காரரும் தனமும் நான் ஒரு நாள் வெளியே வராவிட்டால் கதவைத் தட்டுகிறவர்கள்தான். உனக்கு அது தெரியாது, நீ தூங்கிக்கொண்டிருப்பாய்.

நேற்று கோமதியிடம், அந்தக் கடிதத்திலிருந்து என் பெயரை எடு என்று சொன்னேன். "எடுத்துட்டா அதுல ஒண்ணுமே இருக்காதே அத்தே" என்றாள். ஒன்றும் இல்லாத கடிதத்தை எதற்கு அனுப்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவளே அப்படி யோசித்துக்கொண்டு நின்றாள். இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். சொல்லப் போவது அவள். நீ அவளோடு பேசுகிறபோது நடுவில் நான் இருக்கமாட்டேன். எழுந்து வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள், யார் பெயருக்கு என்று கேட்பார். உனக்கு ஒரு வயது ஆனதிலிருந்து நான் முதலில் சொல்வது உன் பெயர்தான், உன் நட்சத்திரம்தான். அவர் இப்போதெல்லாம் என்னைக் கேட்பதுகூட இல்லை, தானாகவே சொல்லிவிடுவார். இந்த வெள்ளிக்கிழமை அவரை நிறுத்தி, கோமதி, சதய நட்சத்திரம், புது உத்தியோகத்துக்கு என்று சொல்லப் போகிறேன். கடைசி வரிசையிலிருந்து எழுந்து, இந்த முழங்காலோடு, எல்லாருக்கும் நடுவே நடந்துபோய்ச் சொல்வேன்.

உன் பெயரும் உண்டு. அவளுக்கு அடுத்து.

உன் அம்மா